நாலாம் எண், ஐந்தாம் எண்

மார்ச் 3, திங்கள்

மூன்று நாள் ஊறியது போதும் என்று இன்று காலை குப்பியைத் திறந்தேன். அறை முழுக்க நாற்றம். எழுநூறு வருஷம் மணலுக்குள் காய்ந்து கிடந்த குடலில் நகக்கண் அளவு ஒரு துண்டு. உப்புக் கரைசல் பட்டதும் நேற்றுக் கழித்தது போல நாறுகிறது. மனிதர்களிடம் வேறெதுவும் இவ்வளவு நாள் நிலைத்து நான் பார்த்ததில்லை.

துறைத்தலைவர் மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலோடு நின்றுவிட்டார். "பெருசா ஏதாவது கிடைச்சுதா மேடம்?" அவருக்கு எல்லாமே பெரிதாக வேண்டும். எங்களுக்குள் அவர் பெயர் மைக். கையில் ஒன்றைக் கொடுத்துவிட்டால் திருப்பி வாங்குவதற்குள் கூட்டம் கலைந்துவிடும். "எல்லாம் மில்லிமீட்டர்ல முப்பதுல ஒரு பங்கு சார். பெருசு எதுவும் இல்ல" என்றேன். சிரிக்கவில்லை.

சாலை போட மணல்மேட்டை வெட்டியபோது கிடைத்த பதினோரு உடல்கள். தோல், தசை, குடல் எல்லாம் கருவாடு மாதிரி வற்றிப்போய் அப்படியே இருக்கின்றன. ஒன்றிலிருந்து பதினொன்று வரை எண் போட்டிருக்கிறோம். உயிரோடு இருந்தபோது இவர்கள் வயிற்றில் என்ன புழு இருந்தது என்று பார்த்துச் சொல்வது என் வேலை. பத்தொன்பது வருஷமாக இதுதான். "மூத்தவ என்ன பண்றா?" என்று யாராவது கேட்டால் அம்மா "ஆபீஸ்ல" என்று சொல்லிப் பேச்சை மாற்றிவிடுவாள்.

மார்ச் 5

ஒன்று, இரண்டு, மூன்று முடிந்தது. மூவருக்கும் உருளைப்புழு. ஒருவருக்குச் சாட்டைப்புழுவும். வயிற்றுக்குள் யாரும் தனியாக இல்லை.

மார்ச் 9, ஞாயிறு

மாதத்தில் ஒரு ஞாயிறு, பூங்காவில் இரண்டு மணி நேரம். என் தங்கை, சின்னவள், தன் மகளைப் பார்க்க அனுமதி அவ்வளவுதான். பக்கத்து பெஞ்சில் அவள் மாமியார் உட்கார்ந்து காவல் காப்பார். ஜெயிலில்கூட இதைவிடக் கொஞ்சம் மரியாதையாக நடத்துவார்கள்.

இன்று குட்டி பள்ளிக்கூடத்தில் வரைந்த படத்தைக் காட்டிக்கொண்டிருந்தாள். சின்னவளின் வலது கை முதலில் இழுத்தது. அந்த இழுப்பு எனக்குத் தெரியும். அவள் சாய்வதற்குள் தலையைப் பிடித்துவிட்டேன். நான்கு நிமிடம். வாயோரம் நுரை, பாவாடை நனைந்துவிட்டது. மாமியார் குழந்தையின் கண்ணைப் பொத்தி இழுத்துக்கொண்டு போனார். போகிற போக்கில், "இதுக்குத்தான் சொன்னோம். பரம்பரை வியாதி. இந்தப் பிள்ளைக்கும் வந்து தொலைக்கப்போவுது" என்றார்.

படம் புல்லில் கிடந்தது. சின்னவள் தெளிந்ததும் முதலில் கேட்டது, "அவ பாத்துட்டாளா அக்கா?"

பாத்துட்டா.

ஏழு வருஷம் முன்பு, வகுப்பறையில் கணக்குச் சொல்லிக்கொடுக்கும்போதுதான் முதல் வலிப்பு. குட்டிக்கு அப்போது ஒரு வயது. வேலை போயிற்று. மூன்று வருஷம் கழித்துப் புருஷனும் போனான், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு. நல்லவன் வேஷம் போடுகிறவன். போகும்போதுகூட என் காலைத் தொட்டுவிட்டுத்தான் போனான்.

மார்ச் 11, செவ்வாய்

நாலாம் எண். பெண், நாற்பது வயதுக்கு மேல். குடல் துண்டில் நாடாப்புழு முட்டைகள். ஒன்றிரண்டு அல்ல, ஒரு ஸ்லைடில் நாற்பத்தாறு. உருண்டையாக, தடித்த சுவரோடு, சுவரில் சைக்கிள் கம்பி போலக் கோடுகள். பசுவிலிருந்து வந்ததா பன்றியிலிருந்து வந்ததா என்று முட்டையைப் பார்த்துச் சொல்ல முடியாது. இரண்டும் ஒரே அச்சு.

ஒப்பிட்டுப் பார்க்க எங்கள் பெட்டியில் இக்காலத்து ஸ்லைடுத் தொகுப்பு ஒன்று இருக்கிறது. 'நவீனம். யாருடையது என்று தெரியவில்லை' என்று என் கையெழுத்தில் ஒட்டியிருக்கும். எடுத்துப் பார்த்தேன். அதேதான். பெட்டியை மூடினேன்.

மார்ச் 23, ஞாயிறு

நோயாளிகள் வராத நாள் என்பதால் ஆஸ்பத்திரிக்காரர்கள் எங்கள் உடல்களுக்கு ஸ்கேன் எடுக்க இடம் கொடுத்தார்கள். பதினோரு பேரையும் துணி சுற்றி, கண்ணாடிப் பாத்திரம் தூக்குவது போலத் தூக்கிக்கொண்டு போனோம். ஸ்கேன் எடுக்கிறவர் வேடிக்கையான ஆள். "மூச்சை இழுத்துப் பிடிங்கன்னு சொல்ல வேண்டிய தேவையில்ல. இப்படி அடக்கமா யாரும் படுத்ததில்ல" என்றார்.

ஐந்தாம் எண் உள்ளே போனதும் பேச்சை நிறுத்திவிட்டார்.

ஐந்தாம் எண், நாலாம் எண்ணோடு ஒரே குழியில் கிடந்தவள். இளம்பெண், இருபத்தைந்து இருக்காது. தொடை, தோள், முதுகு எங்கும் அரிசி தூவினாற்போல வெள்ளைப் புள்ளிகள். மண்டைக்குள் மூளை வற்றி ஒரு கைப்பிடி அளவு சுருங்கியிருந்தது. அதற்குள்ளும் ஏழு.

"என்ன மேடம் இது?"

"புழுக்குஞ்சு. பன்றி நாடாப்புழுவோட முட்டை வாய் வழியா உள்ள போனா, குஞ்சு ரத்தத்தில ஏறித் தசையில, மூளையில போய் உக்காந்துக்கும். செத்தப்புறம் சுண்ணாம்பாயிடும். மூளையில உக்காந்தா வலிப்பு வரும்."

"முட்டை எங்கேருந்து வரும்?"

"கூட இருக்கிறவங்ககிட்டேருந்து. வயித்துல புழு வச்சிருக்கிறவங்க கை சரியாக் கழுவாம சமைச்சா, பரிமாறினா…"

"எழுநூறு வருஷத்துக்கு அப்புறமாவது இந்தப் பொண்ணுக்கு ஸ்கேன் எடுத்தாங்களே" என்றார் அவர்.

நான் வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன்.

மார்ச் 24

எழுத ஒன்றுமில்லை.

மார்ச் 27, வியாழன்

மைக் துள்ளிக் குதிக்கிறார். நாலாம் எண் வயிற்றில் முட்டை, ஐந்தாம் எண் மூளையில் குஞ்சு. ஒரே குழி. "அக்கா தங்கச்சியாத்தான் இருக்கும். அக்கா சமைச்சுப் போட்டே தங்கச்சியைக் கொன்னுருக்கா. எப்பேர்ப்பட்ட கதை!"

அக்கா தங்கை என்பதற்கு ஆதாரம் இல்லை. அந்த முட்டை பன்றிப்புழுவுடையது என்பதற்கே இன்னும் ஆதாரம் இல்லை. இந்தப் பெண் அதனால்தான் செத்தாள் என்பதற்கும் இல்லை. மூன்றையும் சொன்னேன்.

"உங்களுக்கு எதிலயும் ஒரு சந்தோஷம் கிடையாது மேடம்."

அதற்கு மட்டும் ஆதாரம் இருக்கிறது.

ஏப்ரல் 2, புதன்

சின்னவளுக்குத் தலை ஸ்கேன் எடுக்க வேண்டும் என்று அம்மாவிடம் சொன்னேன்.

"ஏழு வருஷம் கழிச்சு இப்ப எதுக்குடி? அன்னைக்கே டாக்டர் கேட்டாரு. நீதானே வேண்டாம்னே?"

நான்தான். அந்த டாக்டர் தலையை ஒருதரம் படம் எடுத்துவிடலாம் என்றார். நான், "எங்க குடும்பத்துல இருக்கு டாக்டர், சித்தப்பாவுக்கு இருந்துது" என்றேன். படித்தவள் சொன்னால் யார் மறுப்பார்கள்? அவரும் பரம்பரை என்று சீட்டில் எழுதி மாத்திரை கொடுத்தார். அந்தச் சீட்டைத்தான் சின்னவள் புருஷன் பத்திரமாக எடுத்து வைத்து, பிறகு கோர்ட்டில் நீட்டினான்.

சித்தப்பா பத்து வயதில் மாடியிலிருந்து விழுந்து மண்டை உடைந்தவர். அதற்குப் பிறகுதான் அவருக்கு வலிப்பு. அம்மாவுக்குத் தெரியும். எனக்கும் தெரியும்.

ஏப்ரல் 8, செவ்வாய்

ஒன்பது.

இடது பக்கம் ஆறு, வலது பக்கம் மூன்று. வெள்ளை வெளேரென்று. படத்தை வெளிச்சத்தில் பிடித்தபோது சின்னவள், "அழகா இருக்குல்ல, நட்சத்திரம் மாதிரி" என்றாள். நான் படத்தை அம்மாவிடம் கொடுத்துவிட்டேன்.

நரம்பு டாக்டர் நிதானமான மனுஷி. "எல்லாம் செத்துப்போன புழுக்குஞ்சும்மா. பல வருஷம் ஆச்சு. தழும்பு மட்டும்தான் மிச்சம், அதான் வலிப்பைத் தூண்டி விடுது. மருந்தை மாத்தித் தர்றேன், நல்லாவே குறையும்."

"அப்ப பரம்பரை இல்லையா?" சின்னவள் கேட்டாள்.

"யார் சொன்னா பரம்பரைன்னு?"

அம்மா படத்தை உறைக்குள் போட்டாள். பிறகு டாக்டர், வீட்டில் யாருக்கோ வயிற்றில் அந்தப் புழு இருந்திருக்கும், எல்லாரும் ஒருதரம் பரிசோதித்துக்கொள்ளுங்கள் என்றார். அம்மாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. "எங்க வீட்டுல அந்தக் கறியையே வாங்கினதில்லம்மா. அவ வாக்கப்பட்டுப் போன எடத்துலதான் ஏதோ நடந்திருக்கு."

வீடு வரும்வரை சம்பந்தி வீட்டுச் சமையலறையைத் திட்டிக்கொண்டே வந்தாள். நானும் தலையாட்டிக்கொண்டு வந்தேன். தலையாட்டினேன். ஆமா, ஆட்டினேன்.

ஏப்ரல் 13, ஞாயிறு

எழுதித்தான் ஆக வேண்டும்.

பதினோரு வருஷம் முன்பு மலையடிவாரத்தில் அகழ்வு முகாம், மூன்று மாதம். அங்கே பன்றிக்கறி சுட்டுக் கொடுப்பார்கள். வெளியே கரி, உள்ளே சிவப்பு. பசி. தின்றேன். வீடு திரும்பிக் கொஞ்ச நாளில், கழிவறையில் வெள்ளை நாடாத் துண்டு, மூன்று கணு சேர்ந்தாற்போல.

வேறு யாராக இருந்தாலும் பதறியிருப்பார்கள். நான் அதை எடுத்து, இரண்டு கண்ணாடிக்கு நடுவில் நசுக்கி, உள்ளே இருக்கும் கருப்பைக் கிளைகளை எண்ணினேன். ஒரு பக்கம் எட்டு. பன்றி நாடாப்புழு. பசுப்புழுவுக்குப் பதினைந்துக்கு மேல் இருக்கும். அதாவது, ஆபத்தான இனம் எது என்று பார்த்து, அதுதான் என்று தெரிந்துகொண்டு, அதற்குப் பிறகும்—

ஒரு வேளை மருந்தில் தீர்கிற விஷயம். ஐந்து மாதம் கழித்துப் போட்டேன்.

ஏன்? வெட்கம். புழுக்காரிக்கே புழு என்று சிரிப்பார்கள். அது பாதிக் காரணம். மீதிப் பாதி எழுதவே கூசுகிறது. எங்களிடம் நல்ல ஒப்பீட்டு ஸ்லைடு இல்லை. புதிய முட்டை, முதிர்ந்தது, முதிராதது, எல்லாம் வேண்டியிருந்தது. இங்கே இலவசமாக, தினமும். ஒரு முழுத் தொகுப்பு செய்தேன். அழகான ஸ்லைடுகள். 'யாருடையது என்று தெரியவில்லை' என்று ஒட்டினேன்.

அந்த வருஷம் அம்மாவுக்கு மணிக்கட்டு முறிந்து கட்டுப் போட்டிருந்தது. சமையல் நான். சின்னவள் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்கமாட்டாள். வெள்ளரிக்காய் நறுக்கி, உப்புத் தூவி, வாயில் ஊட்டிவிடுவேன். என்னைவிடப் பதின்மூன்று வயது இளையவள். இடுப்பில் தூக்கி வளர்த்த பிள்ளை அவள்.

கை கழுவினேன். கழுவியிருப்பேன். என்னை மாதிரி இதில் கரைகண்ட ஒருத்தி கழுவாமல் இருப்பாளா என்று அன்றைக்கு நினைத்தேன். இன்றைக்கும் அதே கேள்விதான், பதில்தான் வேறு.

அவளுக்கு முதல் வலிப்பு வந்தபோது இது எனக்குத் தோன்றவே இல்லை. நான்கு வருஷம் ஆகியிருந்தது. தோன்றியிருந்தால் உடனே சொல்லியிருப்பேன்.

ஏப்ரல் 17

புது மருந்து ஆரம்பித்து ஒன்பது நாள். ஒரு இழுப்புகூட இல்லை. அம்மா என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். "நீ ஒருத்தி இல்லேன்னா யாரு கண்டுபிடிச்சிருப்பா!"

ஏப்ரல் 25, வெள்ளி

பத்திரிகைகளை வரவழைத்து மைக் பேசினார். ஒரு மணி நேரம் பத்து நிமிடம். மறுநாள் வரை பொறுக்காமல் மாலையிலேயே செய்தி வந்துவிட்டது. 'ஊட்டிக் கொன்ற அக்கா: எழுநூறு ஆண்டு மர்மம் உடைந்தது.'

சின்னவள் செல்போனில் படித்துக் காட்டினாள். "பாவம் அக்கா, அவளுக்கென்ன தெரிஞ்சிருக்கும்? தெரிஞ்சே யாராவது செய்வாங்களா?"

நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். மடித்ததையே மறுபடி மடித்தேன்.

மே 6, செவ்வாய்

குழந்தையைத் திரும்பக் கேட்டு மனுப் போடலாம் என்கிறார் வக்கீலம்மா. பரம்பரை இல்லை என்று நரம்பு டாக்டர் எழுதிக் கொடுத்துவிட்டார். சின்னவள் இரண்டு நாளாகப் பாடிக்கொண்டே வீடு கூட்டுகிறாள். அவள் பாடிக் கேட்டு எத்தனை வருஷம் ஆயிற்று?

மே 20, செவ்வாய்

எதிர்க்கட்சி வக்கீல் சும்மா இருப்பாரா? பரம்பரை இல்லையென்றே வைத்துக்கொள்ளலாம், ஆனால் புழு அந்த வீட்டில் யாரிடமிருந்தோ வந்திருக்கிறது, அது யார், குணமாயிற்றா, தெரியாமல் குழந்தையை அந்த வீட்டுக்கு எப்படி அனுப்புவது என்று எழுதியிருக்கிறார்.

நியாயமான கேள்வி. எரிச்சலே அதுதான். அந்தப் பக்கத்திலிருந்து வந்த முதல் நியாயமான கேள்வி.

அம்மாவும் சின்னவளும் பரிசோதனை செய்துகொண்டார்கள். சுத்தம். நானும் செய்துகொண்டேன். சுத்தம். "யாருக்குமே இல்லைன்னா எங்கேருந்து வந்துதுன்னு காட்டணும். இப்ப இல்லைங்கறது போதாது, அவங்க விடமாட்டாங்க. உங்களுக்கு இதுல அனுபவம் இருக்கே, யோசிச்சுப் பாருங்க மேடம்" என்கிறார் வக்கீலம்மா.

யோசிக்கிறேன்.

மே 28

இன்று சொல்லலாம் என்று நினைத்தேன். அவள் குட்டிக்கு அலமாரியில் இடம் ஒழித்துக்கொண்டிருந்தாள். சொல்லவில்லை.

ஜூன் 1, ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

மதியம், சாப்பிட்ட பிறகு. அம்மா உள்ளே படுத்திருந்தாள். சின்னவள் தட்டு கழுவிக்கொண்டிருந்தாள். அவள் முதுகைப் பார்த்துத்தான் சொன்னேன், முகத்தைப் பார்த்து முடியவில்லை. முகாம், கறி, நாடா, ஐந்து மாதம், வெள்ளரிக்காய். ஸ்லைடையும் சொன்னேன். ஒன்றையும் விடவில்லை என்று நினைத்தேன்.

அவள் குழாயை மூடினாள். கையைத் துடைத்தாள். தட்டுகளை ஒவ்வொன்றாகக் கவிழ்த்து வைத்தாள்.

"அம்மாகிட்ட நான் சொல்லிக்கிறேன்" என்று மட்டும் சொன்னாள்.

ஜூன் 3, செவ்வாய்

இரண்டு நாள் ஒரு வார்த்தை இல்லை. அம்மா அழுகிறாள், என் பக்கம் திரும்புவதில்லை. இன்று காலை செருப்பு மாட்டும்போது சின்னவள் வாசலில் வந்து நின்றாள்.

"ஒண்ணு கேக்கறேன். எனக்கு மொத தடவை வந்தப்ப, டாக்டர் ஸ்கேன் எடுக்கணும்னாரே, அப்ப உனக்கு இது தோணுச்சா?"

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன்.

"பொய் சொல்லாதே அக்கா."

"தோணுச்சு."

"எவ்ளோ நேரம்?"

"ஒரு நிமிஷம். அதுக்குள்ள சித்தப்பா ஞாபகம் வந்துட்டாரு."

"வந்தாரா, நீ கூப்பிட்டியா?"

 அவள் பதிலுக்குக் காத்திருக்கவில்லை.

ஏப்ரல் 13 அன்று இந்த நோட்டில் எழுதியது பொய். யாரும் படிக்காத நோட்டில்கூடப் பொய் எழுதியிருக்கிறேன், யாருக்காக? அந்த ஆஸ்பத்திரி வராந்தா, பச்சை நாற்காலி, அவள் ஒட்டிப்போன ஈரத் தலைமுடி, எல்லாம் ஞாபகம் இருக்கிறது. புழு என்ற சொல் மனசுக்குள் தெளிவாக வந்தது. ஸ்கேன் எடுத்தால் தெரிந்துவிடும் என்பதும் கூடவே வந்தது. பரம்பரை என்றேன். அந்த ஒரு சொல்லில் அவள் வேலை, புருஷன், பிள்ளை எல்லாம் போயிற்று. நான் தப்பித்தேன். நான்கு வருஷம் அவள் புருஷனைத் திட்டியிருக்கிறேன், மாமியாரைத் திட்டியிருக்கிறேன். நல்லவன் வேஷம் என்று இந்த நோட்டிலேயே எழுதியிருக்கிறேன். அவன் நான் சொன்னதை நம்பினான். அவ்வளவுதான் அவன் செய்தது.

ஜூன் 10, செவ்வாய்

வாக்குமூலம் கொடுத்தேன். மூன்று பக்கம். வக்கீலம்மா படித்துவிட்டு கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "இது பொதுப் பதிவாயிடும் மேடம். உங்க ஆபீஸுக்குத் தெரியவரலாம்."

"தெரியட்டும்."

"பரம்பரைன்னு டாக்டர்கிட்ட சொன்னது தப்புன்னு தெரிஞ்சே சொன்னதா எழுதியிருக்கீங்க. 'தவறுதலா'ன்னு மாத்திக்கலாம். கேஸுக்கு அது தேவையில்லை."

"எனக்குத் தேவை."

வீரமாகச் சொன்னதாக இப்போது தோன்றுகிறது. வீரமெல்லாம் ஒன்றும் இல்லை. ஏழு வருஷம் பிந்திக் கொடுத்த மூன்று பக்கம்.

ஜூன் 16, திங்கள்

மைக் கூப்பிட்டனுப்பினார். கட்டுரை தயார். இரண்டாவது பத்தியில், 'தமக்கை தன் கவனக்குறைவால் தங்கையின் மரணத்துக்குக் காரணமானாள்' என்று இருக்கிறது. இந்த வரி இருந்தால் என் பெயர் வேண்டாம் என்றேன்.

"எதுக்கு மேடம் இந்த நாலாம் எண்ணுக்கு இவ்ளோ வக்காலத்து?"

"அவளுக்கு மைக்ரோஸ்கோப் இல்ல சார். எனக்கு இருந்துது."

புரியவில்லை அவருக்கு. அதனால் ஸ்லைடுப் பெட்டியைக் கொண்டுவந்து மேசையில் வைத்து, யாருடையது என்று தெரியும் என்றேன். முதலில் சிரித்தார். பிறகு நாற்காலியைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். பதினோரு வருஷத்துக்கு முந்தைய புழு, அதுவும் கண்ணாடிக்குள்.

புதிய ஒட்டுத்தாள் எழுதினேன். என் பெயர், வயது, தேதி. கட்டுரை என் பெயர் இல்லாமல் போகிறது. அந்த வரி அப்படியே இருக்கிறது.

ஜூலை 4

அலுவலகத்தில் எனக்குப் புதுப் பெயர் வைத்திருக்கிறார்கள். சாப்பாட்டு நேரத்தில் என் மேசைக்கு யாரும் வருவதில்லை. முன்னாலும் பெரிய கூட்டமில்லை.

ஆகஸ்ட் 21, வியாழன்

தீர்ப்பு. குட்டி அம்மாவோடு இருக்கலாம். அப்பாவுக்கு சனி ஞாயிறு. வாசலில் சின்னவள் புருஷன் எதிரே வந்தான். காலைத் தொடவில்லை. "உங்களை எங்க வீட்டுல எல்லாரும் நம்பினோம்" என்றான். குரலை உயர்த்தக்கூட இல்லை. உயர்த்தியிருக்கலாம்.

சின்னவள் வக்கீலம்மாவைக் கட்டிக்கொண்டாள், அம்மாவைக் கட்டிக்கொண்டாள். எனக்கு ஒரு தலையசைப்பு. பஸ்ஸில் டிக்கெட் எடுத்துக்கொடுத்தவருக்குக் கொடுப்பது போல.

செப்டம்பர் 7, ஞாயிறு

குட்டியின் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்திலேயே வீடு பார்த்துவிட்டார்கள். அம்மாவும் அவர்களோடு. நியாயம்தான், குழந்தைக்குத் துணை வேண்டும். சாமான் ஏற்றும்போது அம்மா சமையலறையில் கொஞ்ச நேரம் நின்றாள். "உனக்கு ஒரு பாத்திரம் போதும்ல?" என்றாள். கேள்வியா, சாபமா, தெரியவில்லை. போதும் என்றேன்.

அக்டோபர் 2

ஆறு மாதமாகச் சின்னவளுக்கு வலிப்பு இல்லை. அம்மா போனில் சொன்னாள். நாற்பது வினாடிப் பேச்சு. பழைய பள்ளிக்கூடத்தில் மறுபடி கூப்பிடுகிறார்களாம்.

அக்டோபர் 19, ஞாயிறு

மரபணு முடிவு வந்துவிட்டது. நாலாம் எண்ணும் ஐந்தாம் எண்ணும் உறவே இல்லை. நாலாம் எண் வேலைக்காரியாக இருந்திருக்கலாம், பக்கத்து வீட்டுக்காரியாக இருந்திருக்கலாம், யாராகவும் இருந்திருக்கலாம். முட்டை எந்த இனம் என்று கண்டுபிடிக்கவும் முடியவில்லை, அதன் மரபணு சிதைந்துவிட்டதாம். மைக் திருத்தம் போடப் போவதில்லை. "யாரு இப்ப அதைப் படிக்கப் போறாங்க?" என்றார்.

இருவரையும் பெட்டியில் வைத்து மூடினோம். தனித்தனிப் பெட்டி.

நவம்பர் 29, சனி

காலை எட்டு மணிக்கு அழைப்பு மணி. சின்னவள், குட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு. 

"ஸ்கூல்ல ஒரு நாள் பயிற்சி. அம்மாவுக்குக் கண் ஆஸ்பத்திரி. அவ அப்பா ஊர்ல இல்ல. வேற ஆளில்ல. அஞ்சு மணிக்கு வந்துடுவேன்." ஒப்பித்தாள். கடைசிவரை என் தோளுக்கு மேலே எங்கோ பார்த்துக்கொண்டிருந்தாள். கொஞ்சம் சதை போட்டிருக்கிறாள். நன்றாக இருக்கிறாள்.

குட்டி செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே ஓடிவிட்டாள். சின்னவள் படியிறங்கினாள், நின்றாள், திரும்பிவந்தாள்.

"மதியம் அவளுக்குச் சாப்பாடு கடையில வாங்கிக் கொடுத்துடு. நீ எதுவும் செய்யாதே. பழம்கூட நறுக்காதே."

பதினோரு வருஷம் ஆகிறது. மே மாதம்கூடப் பரிசோதித்தேன். அவளுக்கும் தெரியும், அந்தக் காகிதத்தை அவளே கோர்ட்டில் கொடுத்தாள். பயப்பட ஒரு காரணமும் இல்லை.

"சரி" என்றேன்.

கடையிலிருந்து வாங்கிவந்தேன். பொட்டலத்தைக் குட்டியே பிரித்தாள். எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பாதியில் ஒரு கவளத்தை உருட்டி என் வாய்க்கு நேரே நீட்டினாள். "நீ சாப்பிடலையா பெரியம்மா?"

வாங்கிக்கொண்டேன்.